உலக முடிவுக்குப் போகிறீர்களா? பனிமூட்டம் ஏறுவதற்கு முன்னால் போய்விடுங்கள்

ஹோட்டன் சமவெளிக்கு நாங்கள் முதல் தடவை போனபோது, அங்கே உலக முடிவு என்று சொல்கிற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்த நேரம் காலை பத்தேமுக்கால். முன்னால் வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. பத்தடி தள்ளி நின்ற தங்கச்சியின் சிவப்புத் தொப்பிகூட மங்கலாகத்தான் தெரிந்தது. முக்கால் மணித்தியாலம் காத்திருந்தோம், தூறல் தொடங்கியது, அம்மாவுக்குக் குளிர் தாங்கவில்லை, திரும்பிவிட்டோம். தரிப்பிடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைக் கேட்டால், "நாங்க ஏழரைக்கு அங்க நிண்டோம், கடல் பக்கம் வரைக்கும் பளிச்சுன்னு தெரிஞ்சது" என்கிறார்கள். அதே நாள், அதே இடம், மூன்று மணித்தியால வித்தியாசம்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போய்விட்டேன். விருந்தினர் யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போவது என் வேலையாகிவிட்டது. "அந்த மலையில் வானிலையை நம்பவே முடியாது" என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. நாளைக்கு மழை வருமா என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது, ஆனால் ஒரு நாளுக்குள்ளே மேகம் எந்த நேரத்தில் எங்கிருந்து ஏறும் என்பதற்கு அங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கைத் தெரிந்துகொண்டு பயணத்தை அதைச் சுற்றிக் கட்டினால் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு நன்றாகக் கூடும். புதிதாகப் போகிறவர்களுக்காக, முதல் யோசனையிலிருந்து திரும்பி இறங்கும் வரைக்கும் எழுதுகிறேன்.

போகிற இடம் எப்படிப்பட்டது

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் புல்வெளியும் முகில் காடும் சேர்ந்த இடம்தான் ஹோட்டன் சமவெளி. சிங்களத்தில் மஹ எலிய என்பார்கள். 1831 முதல் 1837 வரை இங்கே ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் வைத்தார்கள். 1988இல் தேசிய பூங்காவானது, 2010இல் யுனெஸ்கோ மத்திய மலைநாட்டை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் அதற்குள் வந்தது. மகாவலி, களனி, வளவை என்று மூன்று பெரிய ஆறுகளுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. மரங்களில் பாசி தொங்கத் தொங்க நிற்பதைப் பார்ப்பீர்கள், அந்தப் பாசியும் இலைகளும் பனிமூட்டத்திலிருந்தே நீரைப் பிடித்து மண்ணுக்குச் சொட்டுச் சொட்டாக இறக்குகின்றன. உங்கள் படத்தைக் கெடுக்கிற அந்த வெள்ளை, கீழே இருக்கிறவர்களுக்குக் குடிதண்ணீர்.

சமவெளியின் தெற்கு ஓரத்தில் நிலம் திடீரென்று முடிந்துபோகிறது. ஏறத்தாழ 870 மீட்டர் செங்குத்துப் பள்ளம். அதுதான் உலக முடிவு. கீழே தேயிலைத் தோட்டம், லயன் வீடுகள், அதற்கும் அப்பால் நீர்த்தேக்கங்கள், வானம் நன்றாகத் திறந்திருந்தால் தென் கரையோரமும் அதற்கப்பால் கடலும் ஒரு வெள்ளிக் கீற்றாக.

பனி ஏன் காலையிலேயே வந்துவிடுகிறது

இதை விளங்கிக்கொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரவில் பலாங்கொடை, பெலிஹுல் ஓயா பக்கத்துத் தாழ்நிலமெல்லாம் குளிர்ந்துபோய்க் கிடக்கும். காற்று அசையாது. மலை உச்சியில் வானம் திறந்தே இருக்கும். சூரியன் ஏறியதும் கீழே நிலம் சூடாகிறது, நிலத்தை ஒட்டிய ஈரக் காற்று சூடாகி இலேசாகிறது, அது மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்குகிறது. ஏறும் காற்று ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் குளிரும். உலக முடிவின் அடியிலிருந்து உச்சி வரை வருவதற்குள் எட்டு ஒன்பது பாகை குறைந்துவிடும், அந்தக் குளிரில் அவ்வளவு ஈரத்தையும் காற்று தாங்க முடியாமல் நுண்ணிய துளிகளாக விட்டுவிடுகிறது. அந்தத் துளிக் கூட்டம்தான் விளிம்பின் மேலாகப் புகைபோல எழுந்து வந்து உங்கள் முகத்தில் மோதுகிறது. நின்று பார்த்தால் தெரியும், மேகம் வானத்திலிருந்து இறங்காது, பள்ளத்துக்குள்ளிருந்து ஏறி வரும்.

அதனால்தான் நல்ல வெயில் நாளிலும் பெரும்பாலும் ஒன்பது, பத்து மணிக்குள் எல்லாம் மூடிவிடுகிறது. "இண்டைக்கு நல்ல வெயில், ஆறுதலாகப் போகலாம்" என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வெயில் கூடினால் காற்று இன்னும் வேகமாகத்தான் ஏறும்.

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரைதான் அங்கே மழை குறைந்த காலம். தெளிவான விடியல் கிடைக்க அதிக வாய்ப்பு அப்போதுதான். குளிரும் அப்போதுதான் அதிகம். இரவில் 5 பாகைக்குக் கீழேயும் இறங்கும், பெப்ரவரி விடியலில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், காலடி வைத்தால் மொறுமொறு என்று சத்தம் வரும். அதே நாள் நடுப்பகலில் 20 பாகையைத் தாண்டி வேர்க்கவும் செய்யும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம் நெரியும், பின்னேரங்களில் இடியும் வரும். மே கடைசி முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அந்தக் காற்று சில நாட்களில் ஆளைத் தள்ளும், பனிமூட்டம் முழு நாளும் கலையாமலே இருக்கலாம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை, அதோடு வங்கக் கடலில் தாழமுக்கம் உருவானால் மலைநாட்டுப் பயணத்தையே தள்ளிவைப்பது நல்லது.

விடுமுறை ஓகஸ்டில்தான் கிடைக்கிறது என்றால் போகவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உலக முடிவு தெரியாமல் போகலாம், ஆனால் அந்த மாதங்களில் அதே நடைபாதையில் இருக்கிற பேக்கர் நீர்வீழ்ச்சி கொட்டுகிற கொட்டு தனி. எதற்காகப் போகிறோம் என்பதை மட்டும் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பள்ளத்தைப் பார்க்கலாம் என்று சொல்லிக் கூட்டிப்போய்விட்டு வெள்ளையைக் காட்டினால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள்.

போன் செயலியில் என்ன பார்ப்பது

செயலி பெரும்பாலும் நுவரெலியா நகரத்துக்கோ சுற்றுவட்டாரத்துக்கோ ஒரு சராசரியைத்தான் காட்டும். "மழை வாய்ப்பு 60 சதவீதம்" என்பது பின்னேரம் மூன்று மணி மழையாக இருக்கலாம், உங்கள் காலை ஏழரை மணிக்கு அது சம்பந்தமே இல்லாமல் போகலாம். அதனால் முழு நாளுக்கான படத்தைப் பார்க்காமல் மணிக்கு மணி உள்ள பகுதியைத் திறந்து அதிகாலை ஐந்திலிருந்து பத்து வரை மேக அளவும் காற்றின் வேகமும் எப்படி என்று பாருங்கள்.

அதைவிட எனக்கு உதவுகிற அடையாளம், முதல் நாள் இரவு வெளியே வந்து வானத்தைப் பார்ப்பது. நட்சத்திரம் தெரிந்து, காற்று அடங்கி, குளிர் கடித்தால் பெரும்பாலும் விடியல் தெளிவாக இருக்கும். குளிரே இல்லாமல் ஈரக் காற்று வீசிக்கொண்டிருந்தால் மேகம் போர்த்தியிருக்கிறது என்று அர்த்தம். இது தப்பாமல் பலிக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் செயலியைவிட அதிகம் பலித்திருக்கிறது.

இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள், அது மண்சரிவு எச்சரிக்கை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டம், பிரதேச செயலகம் வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டங்களில் அறிவிக்கும். நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ செம்மஞ்சள் வந்தாலே நான் பயணத்தை நிறுத்திவிடுவேன். மேலே வானம் தெளிந்தாலும் வழியில் மலை சரிந்து கிடந்தால் என்ன பயன்? கடும் மழைக்குப் பிறகு பூங்காவை மூடிவைப்பதும் உண்டு, ரயில் பாதை நாட்கணக்கில் நிற்பதும் உண்டு. இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும், அம்பியூலன்ஸுக்கான 1990 என்ற இலக்கத்தையும் போனில் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனபிறகு சிக்னல் பல இடங்களில் கிடைக்காது, வழிப்படத்தையும் முன்பே இறக்கி வைத்துவிடுங்கள்.

முந்தின இரவு எங்கே தங்குவது

கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ காலையில் புறப்பட்டு அதே நாளில் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். நீங்கள் வந்து சேரும்போது மேகமும் வந்து சேர்ந்திருக்கும். முதல் நாளே பக்கத்துக்கு வந்துவிட வேண்டும்.

நுவரெலியாவில் தங்கினால் அங்கிருந்து ஏறத்தாழ 32 கிலோமீட்டர், அம்பேவெல, பட்டிப்பொல வழியாக வளைந்து வளைந்து போகிற பாதை, இருட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலேயே எடுக்கும். இன்னும் கிட்ட வேண்டும் என்றால் பட்டிப்பொல அல்லது ஒஹிய. பட்டிப்பொல புகையிரத நிலையம் ஏறத்தாழ 1,898 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இலங்கையிலேயே உயரமான நிலையம் அதுதான். இரண்டு ஊர்களிலிருந்தும் நுழைவாயில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் விடுதிகள் குறைவு, ஆட்டோவோ வேனோ முதல் நாளே பேசி வைத்துவிட வேண்டும். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒஹிய வழி வசதி.

பூங்கா வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். அந்த நேரத்தில் வாசலில் நிற்கிற மாதிரிப் புறப்படுங்கள், நுவரெலியாவிலிருந்து என்றால் நாலே முக்கால், அதற்குப் பிந்த வேண்டாம். சனி, ஞாயிறு, போயா தினங்களில் டிக்கெட் வரிசையிலேயே அரை மணித்தியாலம் போய்விடும், அதனால் முடிந்தவரை வார நாளாகப் பாருங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம், வாசலில் போய் அதிர்ச்சியடையாமல் முன்பே விசாரித்துவிடுங்கள். அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும்.

உடுப்பு

ஒரே நடையில் உறைபனி, வெயில், தூறல், காற்று நாலையும் பார்க்க வேண்டி வரலாம். தடித்த ஒரே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் ஏழு மணிக்குச் சுகமாக இருப்பார்கள், எட்டு மணிக்கு வேர்த்து நனைந்து அதைக் கழற்றுவார்கள், ஒன்பதரைக்குப் பனி மூடியதும் நனைந்த உடம்போடு நடுங்குவார்கள். மெல்லியதாக மூன்று அடுக்கு போடுங்கள். உள்ளே சீக்கிரம் காயும் சேட், நடுவில் கம்பளி சுவெட்டர், மேலே தண்ணீர் புகாத மெல்லிய மழைக்கோட்டு. சூடானால் ஒன்றைக் கழற்றுங்கள், குளிர்ந்தால் ஒன்றைப் போடுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, காலில் ஐஸ் கட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

குடை அங்கே அவ்வளவு உதவாது. விளிம்பில் வீசுகிற காற்றுக்குக் குடை ஒரு பாய்மரம், ஆளையும் சேர்த்து இழுக்கும்.

சப்பாத்துக்கு அடியில் நல்ல பிடி இருக்க வேண்டும். பாதையில் பாதி தூரம் கல்லும் வேரும் சிவப்புச் சேறும்தான், செருப்போடு வருகிறவர்களைப் பார்க்கும்போதே எனக்குப் பதறும். மாற்றுக் காலுறை ஒரு சோடி, காதை மூடுகிற தொப்பி, விடியற்காலை நடைக்குச் சின்ன டோர்ச், இவை போதும். வெயில் பூச்சு (சன்ஸ்கிரீன்) கொண்டுவருகிறவர்கள் குறைவு. குளிரில் வெயில் உறைக்காது, ஆனால் உயரம் ஏற ஏறப் புறஊதாக் கதிர் கூடும், மெல்லிய மேகத்துக்குள்ளாலும் வரும், மாலையில் மூக்கும் கன்னமும் எரியும்போதுதான் தெரியும். மூச்சு கொஞ்சம் வாங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், மெதுவாக நடந்தால் சரி. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பையின் அடியில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

வாசலில் பையைத் திறப்பார்கள்

பொலித்தீன் உள்ளே போகக் கூடாது. அலுவலர்கள் பையைத் திறந்து பார்ப்பார்கள், பிஸ்கட் உறையைக் கழற்றிக் கடதாசியில் மாற்றச் சொல்வார்கள், தண்ணீர்ப் போத்தலின் மேல் சுற்றியிருக்கிற லேபிளைக்கூடக் கிழித்து எடுப்பார்கள். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இதைவிட அவசியமான சோதனை வேறில்லை என்றுதான் படுகிறது. தரிப்பிடத்துக்குக் கிட்ட மரைகள் வந்து நிற்கும், நம்முடைய கையைப் பார்க்கும், சாப்பாட்டு வாசனை ஒட்டிய பொலித்தீனையும் சேர்த்துத் தின்றுவிடும். அதன் வயிற்றில் அது செரிக்காது. தயவுசெய்து எதையும் கொடுக்காதீர்கள், அது எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும் சரி.

காலைச் சாப்பாட்டை வாழையிலையில் கட்டி டப்பாவுக்குள் வைத்துவிட்டால் வாசலில் ஐந்து நிமிடம் மிச்சம். பிளாஸ்கில் சூடாகத் தேநீர் அல்லது இஞ்சி பிளேன்டீ கட்டாயம். சிகரெட்டுக்கும் மதுவுக்கும் இடமில்லை, தீயால் எரிந்துபோன புல்வெளிகளை ஒரு தடவை பார்த்தால் ஏன் என்று கேட்கமாட்டீர்கள்.

எந்தப் பக்கத்தால் சுற்றுவது

வாசலிலிருந்து இன்னும் சில கிலோமீட்டர் வண்டியிலேயே உள்ளே போனால் ஃபார் இன் என்ற பழைய வேட்டை விடுதியின் பக்கத்தில் தரிப்பிடம். நடை அங்கேதான் தொடங்குகிறது. ஒன்பதரைக் கிலோமீட்டர் அளவில் ஒரு வட்டம், மூன்றிலிருந்து நான்கு மணித்தியாலம். கழிவறைக்கு இங்கேயே போய்விடுங்கள், வழியில் இல்லை.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் சின்ன உலக முடிவு, உலக முடிவு. மறுபக்கம் பேக்கர் நீர்வீழ்ச்சி. காலை நேரம் என்றால் எந்தக் காரணத்துக்காகவும் நீர்வீழ்ச்சிப் பக்கம் முதலில் திரும்பாதீர்கள். நீர்வீழ்ச்சி பனியிலும் தெரியும், மழையிலும் தெரியும், பன்னிரண்டு மணிக்கும் அங்கேதான் இருக்கும். பள்ளத்தின் காட்சிக்குத்தான் நேரக் கணக்கு. பலகையைப் பார்த்து உலக முடிவுப் பக்கம் திரும்புங்கள், வழியில் படம் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது புல்வெளியில் எவ்வளவு நேரமும் நிற்கலாம்.

சின்ன உலக முடிவு முதலில் வரும். அதன் பள்ளம் குறைவுதான், என்றாலும் அங்கே தெளிவாகத் தெரிந்தால் இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அடுத்த இரண்டு கிலோமீட்டர் நடக்கிற நேரத்துக்குள் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. இங்கே தெரிந்து அங்கே தெரியாமல் போன நாளும் எனக்கு உண்டு. பள்ளத்தின் அடியில் பஞ்சு மாதிரி மேகம் திரளத் தொடங்கியிருந்தால் இனி நேரம் அதிகமில்லை, நடையைக் கொஞ்சம் எட்டிப் போடுங்கள். ஓட வேண்டாம், வேர்கள் ஈரமாக இருக்கும்.

விளிம்பில் நிற்கும்போது

எல்லா இடத்திலும் தடுப்பு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 2015இல் நெதர்லாந்திலிருந்து தேனிலவுக்கு வந்த ஒருவர், மனைவியைப் படம் எடுப்பதற்காகப் பின்னால் அடியெடுத்து வைத்துத் தவறி விழுந்தார். ஏறத்தாழ 40 மீட்டர் கீழே ஒரு மரம் தாங்கியதால் உயிர் பிழைத்தார், இராணுவத்தினர் கயிறு கட்டி இறங்கி மேலே கொண்டுவந்தார்கள். அப்படித் தாங்க எல்லா இடத்திலும் மரம் இல்லை.

பனிமூட்டம் இங்கே இரண்டு மடங்கு ஆபத்து. பள்ளம் கண்ணுக்குத் தெரியாதபோது பயமும் வராது, வெள்ளையாக மெத்தென்று இருக்கிறதே என்று ஓர் அடி கூடுதலாகப் போய்விடுவோம். நான் கூட்டிப் போகிறவர்களுக்குச் சொல்வது, விளிம்பு எங்கே என்று கண்ணால் தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே உட்காருங்கள். பின்னோக்கி நடக்கவே கூடாது. படம் எடுக்கிறவர் நின்று எடுக்கட்டும், நடந்துகொண்டே போனைப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளின் கையை ஒரு பெரியவர் பிடித்திருக்க வேண்டும், அந்தப் பெரியவர் படம் எடுக்கக் கூடாது. புல் ஈரமாக இருந்தால் சரிவாக இருக்கிற பாறைக்குப் போகவே வேண்டாம்.

போய்ச் சேர்வதற்குள் மூடிவிட்டால்

உடனே திரும்பிவிடாதீர்கள். முதலில் அந்த வெள்ளையின் நிறத்தைப் பாருங்கள். மேலே பார்த்தால் கண் கூசுகிற வெளிச்சம் இருக்கிறதா, சூரியன் ஒரு தட்டு மாதிரித் தெரிகிறதா? அப்படியென்றால் படலம் மெல்லியது, காற்று ஒரு தடவை புரண்டால் விலகும். ஜன்னல் திறந்த மாதிரி அரை நிமிடம், ஒரு நிமிடம், கீழே தேயிலைத் தோட்டமும் வளைந்து போகிற பாதையும் அப்படியே தெரிந்துவிட்டு மறுபடியும் மூடும். முழுத் தெளிவாகப் பார்த்ததைவிட அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு இன்றும் அதிகம் நினைவிருக்கிறது. போனை உறையிலிருந்து எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, ஆனால் கண்ணைப் பள்ளத்தின் பக்கமே வைத்திருங்கள்.

வெள்ளை சாம்பல் நிறமாக இருண்டு, முகத்தில் தூறலும் விழுகிறதென்றால் அது தடித்த மேகம். நாற்பது நிமிடம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் உடம்பு குளிர்ந்துவிடும். யாராவது நடுக்கத்தை நிறுத்த முடியாமல், பேச்சுக் குழறி, தள்ளாடி நடந்தால் அது சாதாரணக் குளிர் இல்லை. உடனே நனைந்ததைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டு, இனிப்பாகச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, காற்றுப் படாத காட்டுப் பகுதிக்குள் கூட்டிப் போங்கள். 10 பாகையிலும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் இது நடக்கும், பனி கொட்டுகிற நாட்டில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம்.

பள்ளம் கிடைக்கவில்லை என்றால் நாள் போய்விட்டது என்று தலையைத் தொங்கப்போடாதீர்கள். பனிக்குள் முகில் காடு வேறு உலகம். குடை விரித்த மாதிரித் தலை தட்டையான கீன மரங்கள், நீர் சொட்டுகிற பாசி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத பறவைக் குரல், மஹ ரத்மல் மரத்தின் சிவப்புப் பூக்கள் அந்த வெள்ளைக்குள் கங்கு மாதிரித் தெரியும். பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள். புல்வெளியில் பனி மூடினால் நாலு திசையும் ஒன்றாகிவிடும். துணையாக வந்தவர்களை ஒருவரையொருவர் பார்க்கிற தூரத்திலேயே வைத்திருங்கள்.

நீர்வீழ்ச்சி, மழை, இடி

உலக முடிவிலிருந்து பாதை காட்டுக்குள்ளாலும் புல்வெளியாலும் வந்து பேக்கர் நீர்வீழ்ச்சியில் சேரும். 1840களின் கடைசியில் நுவரெலியாவில் வந்து குடியேறிய சாமுவேல் பேக்கரின் பெயர். உயரம் 20 மீட்டர்தான், ஆனால் அகலமாக விசிறி மாதிரி விழுகிற அழகு. இறங்குகிற படி செங்குத்து, எந்த நேரமும் ஈரம், பக்கவாட்டாகக் காலை வைத்து இறங்குங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம். மேலே எங்கோ பெய்த மழை இங்கே சொல்லாமல் வரும், தெளிந்த நீர் கலங்கினாலோ, சுள்ளியும் இலையும் மிதந்து வந்தாலோ அந்த நிமிடமே மேலே ஏறிவிடுங்கள்.

மதியத்துக்குப் பிறகு, அதிலும் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், இடிக்குப் பயப்படத்தான் வேண்டும். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் உங்களை எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. திறந்த புல்வெளியில் உயரமாக நிற்பது நீங்கள்தான், தனி மரத்தின் கீழும் ஒதுங்காதீர்கள். வாகனம் கிட்ட இருந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதற்குள் இருங்கள். தூரமென்றால் மேட்டையும் நீரோடையையும் விட்டு விலகி, மரங்கள் ஒரே உயரத்தில் அடர்ந்து நிற்கிற காட்டுக்குள் போய், ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, இடி அடங்கி அரை மணித்தியாலம் வரை பொறுங்கள். அதிகாலையில் போனால் பதினொன்றுக்குள் தரிப்பிடத்துக்கு வந்துவிடலாம், இந்தச் சிக்கலே பெரும்பாலும் வராது.

திரும்பி இறங்கும்போது

தரிப்பிடத்துக்கு வந்ததும் முதலில் காலுறையை மாற்றுங்கள், பிறகு சாப்பிடுங்கள். குப்பையை நீங்களே கீழே கொண்டுபோங்கள். வண்டி ஓட்டுகிறவருக்குக் கால் மணித்தியாலமாவது கண்ணை மூட நேரம் கொடுங்கள், அவரும் நாலு மணிக்கு எழும்பியவர்தான். இறங்கும் பாதையில் இப்போது பனி கீழே வரைக்கும் பரவியிருக்கும். ஹெட்லைட்டைப் பெரிதாகப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசச் செய்யும், அதனால் தாழ்ந்த வெளிச்சத்தில் வைத்து, சின்ன கியரில், வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து வாருங்கள். பட்டிப்பொலைக்குக் கிட்ட வரும்போது பெரும்பாலும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு, நனைந்த சுவெட்டரை இருக்கையின் முதுகில் காயப் போடுங்கள்.